காளவாசற் கணக்கு

மதுரை நகரின் மேற்கே, தேனி செல்லும் சாலையில் காளவாசல் என்றோர் இடம் உண்டு. நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் அங்கே பேருந்து ஏறி இறங்குகின்றனர். பெயரின் பொருளை எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே. வாசல் என்று முடிவதால் பழைய கோட்டைக்கு ஒரு வாயில் இருந்த இடம் போலும் என்று கருதுவோரும் உளர். அகராதியைப் புரட்டினால் ஐயம் தீரும். காளவாசல், காளவாய் ஆகிய இரு சொற்களுக்கும் பொருள் சூளை என்பதே. செங்கல்லையும் சுண்ணாம்பையும் சுட்டெடுக்கும் சூளை.

சுண்ணாம்பு நம் வாழ்வோடு எவ்வளவு ஒட்டிக் கிடந்த பொருள் என்பதைப் பெரியவர்கள் அறிவார்கள். பெருநாள் பிறை காண்பதற்கு முன் வீட்டுச் சுவர்களும் பள்ளிவாசலின் மதிலும் வெள்ளை கண்டாக வேண்டும். வந்த விருந்தினர் முன் வைக்கப்படும் வெற்றிலைச் செல்லத்தில் சுண்ணாம்புக் கரண்டகம் இருந்தாக வேண்டும். 14ஆம் நூற்றாண்டில் மதுரையில் சுல்தான்கள் ஆண்டபோது இங்கு வந்து தங்கிய இப்னு பதூதா, தம் பயண நூலில் வெற்றிலை போடும் முறையை விளக்குமிடத்து, பாக்கை முதலில் மென்று, பின்னர் இலையில் சிறிது சுண்ணாம்பு தடவி உண்பதையும் எழுதி வைத்திருக்கிறார். மொரோக்கோ நாட்டிலிருந்து வந்தவர்க்கு அது புதுமை. நமக்கோ அது அன்றாடம்.

இந்த அன்றாடப் பொருளை வைத்துக்கொண்டு, வேதியியல் மாணவரை மிரட்டும் ஒரு பாடத்தின் வரலாற்றை இங்கு சொல்ல விரும்புகிறோம். ஒரு பொருள் இன்னொன்றாக மாறும்போது எவ்வளவு வெப்பம் உள்ளே போகிறது, எவ்வளவு வெளியே வருகிறது என்று கணக்கிடுவதே அப்பாடம். பாட நூல்களில் அதற்கு என்தால்பி மாற்றம் என்று தலைப்பிட்டிருப்பார்கள். அந்நூல்களில் வரும் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அமிலமும் காரமும் வாயுக்களுமாக இருக்கும். மாணவன் மனப்பாடம் செய்து எழுதிவிட்டு மறந்து போகிறான். அதே கணக்கு மதுரைச் சமவெளியின் சூளையிலும், நீற்றுக் குழியிலும், பழைய சுவர்களிலும் எழுதிக் கிடக்கிறது.

முதலில் சூளை. கிளிஞ்சலோ சுண்ணாம்புக் கல்லோ, இரண்டும் வேதியியலில் ஒன்றே, கால்சியம் கார்பனேட். கரியும் சுண்ணாம்புப் பொருளுமாக அடுக்கி அடியில் தீ மூட்டுவார்கள். வெம்மை 900 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது கல்லுக்குள் அடைபட்டுக் கிடந்த கரியமில வாயு வெளியேறிவிடுகிறது. எஞ்சுவது நீறாச் சுண்ணாம்பு. சுட்ட கல் பார்வைக்குப் பழைய உருவிலேயே இருக்கும். கையில் எடுத்தால் எடை வெகுவாகக் குறைந்திருக்கும். 100 கிலோ தூய கல்லைச் சுட்டால் 56 கிலோதான் மிஞ்சும். மற்ற 44 கிலோவும் காற்றோடு போயிற்று. நன்றாக வெந்ததா, நடுவில் வேகாக் கல் நிற்கிறதா என்பதை அனுபவமுள்ளவர் எடையையும் தட்டினால் எழும் ஒலியையும் கொண்டே சொல்லிவிடுவார்.

இந்த மாற்றத்திற்கு வெப்பம் தேவை. அடுப்பிலிருந்து இறக்கினால் நின்றுவிடும். ஒரு கிலோ நீறாச் சுண்ணாம்பு கிடைக்கவேண்டுமானால் ஏறத்தாழ 1,786 கிராம் கல்லைச் சுட வேண்டும்; அதற்கு 3,184 கிலோஜூல் வெப்பம் கல்லுக்குள் சென்றாக வேண்டும். அளவு மனத்தில் பதிய ஒன்று சொல்வோம். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.18 கிலோஜூல் செலவாகிறது. அப்படியானால் கிலோச் சுண்ணாம்பு ஒன்றுக்குச் சூளை கொடுத்த வெப்பத்தைக் கொண்டு, குழாயடியில் பிடித்த தண்ணீர் பத்து லிட்டருக்கும் மேலாகக் கொதிக்க வைத்திருக்கலாம்.

இரண்டாவது, நீற்றுதல். இதைக் கண்டவர் மறக்கமாட்டார். குழியில் தண்ணீர் நிறைத்துச் சுட்ட கல்லைக் கொட்டுகிறார்கள். சில நொடிகள் ஒன்றும் நிகழாதது போலிருக்கும். பிறகு கல் வெடிக்கும், சீறும், குழி முழுதும் கொதிக்கும், ஆவி மேலெழும். அடியில் விறகு இல்லை, தீ இல்லை. ஆயினும் தண்ணீர் உலை போலத் தளைக்கும். ஒரு கிலோ நீறாச் சுண்ணாம்பு நீரோடு சேரும்போது வெளிவிடும் வெப்பம் 1,164 கிலோஜூல். 30 டிகிரியில் இருக்கும் நான்கு லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். சுண்ணாம்பின் மீது கொஞ்சமாகத் தண்ணீரைத் தெளிப்பது ஆபத்து என்றும், நிறைந்த நீருக்குள் சுண்ணாம்பை இடுவதே முறை என்றும் கொத்தனார்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான். வெப்பம் பரவ நீர் வேண்டும். இல்லையேல் கல் வெடித்துத் தெறிக்கும். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வையே போய்விடும். வெற்றிலைச் சுண்ணாம்புப் பொட்டலத்தை அழுத்தி விளையாடிக் கண்ணைப் புண்ணாக்கிக்கொண்ட குழந்தைகள் நம் நாட்டில் பலர். தாய்மார்கள் இதை நினைவிற் கொள்ளவேண்டும்.

மூன்றாவது, சுவர். மதுரையில் சுண்ணாம்பின் பெருமையை நேரில் காண வேண்டுமானால் திருமலை நாயக்கர் மகாலுக்குப் போகவேண்டும். 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் 1636இல் எழுப்பிய அரண்மனை அது. பேரன் சொக்கநாதர் அதில் பெரும்பகுதியைப் பெயர்த்துத் திருச்சிக்குக் கொண்டுபோனார் என்பார்கள். எஞ்சியதும் சிதைந்து கிடந்தபோது, 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபுவின் முயற்சியால் செப்பனிடப்பட்டது. சொர்க்க விலாசத்தின் வளைவுகளும் குவிமாடமும் மரச்சட்டமோ இரும்போ தாங்காமல் செங்கல்லும் சாந்துமாகவே நிற்கின்றன. பூச்சின் வழவழப்புக்குக் கிளிஞ்சற் சுண்ணாம்பும் முட்டையின் வெண்கருவும் காரணம் என்பர். பழைய தமிழ்க் கட்டடக் கலையில் கடுக்காய் ஊறிய நீரும் கருப்பட்டிப் பாகும் சாந்தில் சேர்வது வழக்கம். இனிப்புக் கலந்த நீரில் சுண்ணாம்பு கூடுதலாகக் கரையும் என்பது இன்று வேதியியலார் அளந்து சொல்லும் உண்மை. அதை வாயில் வைத்தோ கரணையில் வைத்தோ எப்படிக் கண்டுபிடித்தார்களோ, நமக்கு வியப்பே மிஞ்சுகிறது.

பூசிய சாந்து உலர்ந்ததோடு வேலை முடிந்துவிடுவதில்லை. நீறிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உட்கொண்டு மீண்டும் கால்சியம் கார்பனேட் ஆகிறது. அதாவது கிளிஞ்சல் கிளிஞ்சலாகவே, கல் கல்லாகவே திரும்பிவிடுகிறது. வடிவம் மட்டும் தூணாகவும் வளைவாகவும் பூவேலையாகவும் மாறியிருக்கிறது. சூளையிலிருந்து புறப்பட்ட பொருள் சுற்றி வந்து புறப்பட்ட இடத்திலேயே நிற்கிறது. மதுரை மகாலின் வெண்பூச்சைத் தொடுகிறவன் கடற்கரையில் ஒதுங்கிய கிளிஞ்சலைத்தான் தொடுகிறான்.

இப்போது பழையவர்கள் கேட்ட கேள்விக்கு வருவோம். நீற்றுக் குழியில் கொதிக்கிறதே, அந்தச் சூடு எங்கிருந்து வந்தது? உலகின் பல மூலைகளிலும் இதற்குச் சொல்லப்பட்ட விடை ஒன்றே. சூளையில் தீ கல்லுக்குள் புகுந்து ஒளிந்துகொண்டது. தண்ணீர் பட்டதும் வெளியேறுகிறது என்றார்கள். சுட்ட சுண்ணாம்பு நாக்கைப் பொத்துப்போகச் செய்வதற்கும் உள்ளிருக்கும் தீயே காரணம் என்றார்கள். 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஐரோப்பியப் பேராசிரியர்களும் இப்படித்தான் நம்பினர்.

முஸ்லிம் அறிஞர்கள் இத்துறையில் செய்தது என்ன என்று வாசகர் கேட்பர். சுட்டுப் பொடியாக்கும் செய்முறைக்கு அவர்கள் இட்ட பெயர் தக்லீஸ். சுண்ணாம்பைக் குறிக்கும் கில்ஸ் என்ற அரபுச் சொல்லின் அடியாகப் பிறந்தது அது. லத்தீன் மொழியாரும் சுண்ணாம்பைக் குறிக்கும் கால்க்ஸ் என்ற சொல்லிலிருந்தே அச்செய்முறைக்குப் பெயர் ஆக்கினர். நம் சித்த மருத்துவர்களும் கடுந்தீயில் புடமிட்டெடுக்கும் ஒருவகை மருந்தைச் சுண்ணம் என்றே அழைக்கின்றனர். மூன்று மொழியாரும் ஒரே சூளையைப் பார்த்துத்தான் பெயர் வைத்திருக்கின்றனர்! ரய் நகரத்தவரும் பெரும் மருத்துவருமான அர்ராஸீ (மறைவு ஹிஜ்ரி 313, கி.பி. 925) தம் நூலில் பொருள்களை வகுத்து, தக்லீஸ் உள்ளிட்ட செய்முறைகளை ஒவ்வொன்றாக விளக்கினார். தாவரச் சாம்பலிலிருந்து எடுக்கும் கலீயைச் சுண்ணாம்போடு சேர்த்துக் கடுமையான கார நீர் செய்யும் முறையும் அதில் உண்டு. அல்கலீ என்ற அச்சொல்லே இன்று உலக மொழிகளிலெல்லாம் வழங்குகிறது.

இவ்வளவும் பெருமைதான். ஆனால் நம் பத்திரிகைகளிலும் மேடைகளிலும் ஒரு பழக்கம் வளர்ந்திருக்கிறது. மேலை நாட்டார் எதைக் கண்டுபிடித்தாலும், ஜாபிர் இப்னு ஹய்யான் அதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவிட்டார் என்று முடித்துவிடுவது. இதை நாம் ஏற்பதற்கில்லை. ஜாபிர் பெயரில் வழங்கும் நூல்கள் நூற்றுக்கணக்கானவை. அவை அனைத்தும் ஒருவர் கைப்பட்டவை அல்ல என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. அவற்றில் மீஸான், அதாவது தராசு, என்னும் கொள்கை பேசப்படுகிறது. ஒவ்வொரு பொருளிலும் வெம்மை, தண்மை, வறட்சி, ஈரம் ஆகியவை என்ன அளவில் கலந்திருக்கின்றன என்று எண்ணால் சொல்ல முயன்றிருக்கிறார்கள். நோக்கம் உயர்ந்தது. ஆனால் அந்த எண்களைப் பொருளின் அரபுப் பெயரிலுள்ள எழுத்துகளிலிருந்து எடுத்தார்கள். பெயரை நிறுத்துப் பொருளின் வெம்மையை அறிய முடியாது.

அல்கிந்தீயின் முயற்சி இன்னும் கூர்மையானது. ஹிஜ்ரி 3ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த இம்மெய்யியலார், கூட்டு மருந்துகளின் வெம்மையைக் கணக்கிட ஒரு விதி வகுத்தார். மருந்தில் சூடும் குளிர்ச்சியும் சமமாக இருந்தால் அது நடுநிலை. சூடு இரு மடங்கானால் முதற்படி. நான்கு மடங்கானால் இரண்டாம் படி. எட்டு மடங்கு மூன்றாம் படி. பதினாறு மடங்கு நான்காம் படி. சரக்குகள் ஒவ்வொன்றின் பங்கையும் கூட்டினால் மருந்தின் படி கிடைக்கும். பின்னாளில் குர்துபாவின் இப்னு ருஷ்து இதைக் கடுமையாக மறுத்தார். நம் வீடுகளில் இன்றும் இது சூடு, அது குளிர்ச்சி என்று சொல்லிக்கொண்டு பழத்தையும் மீனையும் ஒதுக்கும் பாட்டிமார்கள், அறிந்தோ அறியாமலோ, இந்த யூனானி மரபிலும் சித்த மரபிலும் நிற்பவர்கள். அல்கிந்தீ பேசிய வெம்மை உடலில் தோன்றும் குணமேயன்றி வேதியியலார் அளக்கும் வெப்பம் அன்று. எனினும் பகுதிகளின் கணக்கிலிருந்து முழுமையின் கணக்கைக் கூட்டிப் பெறலாம் என்னும் துணிவு அவரிடம் இருந்தது. இல்லாதிருந்தது வெப்பமானி. அவரை இவ்வாறு அறிந்து போற்றுவதே அவருக்குச் செய்யும் மரியாதை.

தீ சுண்ணாம்புக்குள் ஒளிந்திருக்கிறது என்னும் கதையை முடித்துவைத்தவர் ஸ்காத்லாந்து நாட்டு ஜோசப் பிளாக். அவர் மாணவராக இருந்த எடின்பரோவில், சிறுநீர்ப்பைக் கல்லைக் கரைக்கச் சுண்ணாம்பு நீர் கொடுப்பது வழக்கமாயிருந்தது. கிளிஞ்சற் சுண்ணாம்பு சிறந்ததா, கற்சுண்ணாம்பு சிறந்ததா என்று இரண்டு பேராசிரியர்கள் சண்டையிட்டுக்கொண்டிருந்தனர். நம்மூர்க் கொத்தனார்களும் இதே வழக்கை நடத்தியிருப்பார்கள்! ஆசிரியர்கள் சண்டையில் தலையிட அஞ்சிய பிளாக் வேறொரு பொருளை எடுத்து ஆராய்ந்தார். ஆராய்ச்சி கடைசியில் சுண்ணாம்பிலேயே வந்து நின்றது. சுடுவதற்கு முன்னும் பின்னும் தராசில் நிறுத்தார். தீ உள்ளே புகுந்திருந்தால் ஏதேனும் கூடியிருக்க வேண்டும். கூடவில்லை, குறைந்தது. வெளியேறியது ஒரு காற்று. அந்தக் காற்றை மீண்டும் கொடுத்தால் சுண்ணாம்பு பழையபடி சாதுவான கல்லாகிறது. 1756இல் இது அச்சேறியது. நாக்கைப் பொத்துப்போக வைக்கும் காரம் தீயினால் வந்ததன்று. அடக்கி வைத்திருந்த காற்று விலகியதால் வெளிப்பட்ட சுண்ணாம்பின் சொந்தக் குணம் அது.

இதே பிளாக்தான் சில ஆண்டுகளுக்குப் பின், பனிக்கட்டி உருகும்போது வெப்பத்தை உட்கொண்டும் சூடேறாமல் இருப்பதைக் கண்டு மறை வெப்பம் என்ற கருத்தைத் தந்தார். இவ்விரண்டையும் பிரெஞ்சு நாட்டில் லவாய்சியேயும் லாப்லாஸும் இணைத்துக்கொண்டனர். பனிக்கட்டி சூழ்ந்த ஒரு பாத்திரத்துக்குள் ஏதேனும் எரிந்தால் எவ்வளவு பனி உருகுகிறதோ அதுவே வெப்பத்தின் அளவு. 1782-83 குளிர்காலத்தில் அதற்குள் கரியை எரித்தார்கள். ஒரு சீமைப்பெருச்சாளியை உட்கார வைத்தும் பார்த்தார்கள். உயிரின் மூச்சும் ஒருவகை எரிதலே என்று கண்டது அப்போதுதான். ஒரு பொருளைப் பிரிக்க எவ்வளவு வெப்பம் வேண்டுமோ அவ்வளவும் அது மீண்டும் சேரும்போது வெளிவரும் என்றும் அவர்கள் எழுதினர்.

முழு விதியைச் சொன்னவர் ஜெர்மைன் ஹென்றி ஹெஸ். 1802இல் ஜெனீவாவில் பிறந்து, குழந்தையாகவே ரஷ்யாவுக்குக் கொண்டு செல்லப்பட்டு, மருத்துவம் படித்து, சைபீரியாவின் இர்கூட்ஸ்கில் வைத்தியம் பார்த்துவிட்டு, செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் வேதியியலாளராக நிலைத்தவர். கந்தக அமிலத்தை வெவ்வேறு அளவு நீரில் கலந்து, பிறகு அம்மோனியாவைக் கொண்டு நடுநிலையாக்கினார். நீரில் கலக்கும்போது வெளிவந்த வெப்பம் முறைக்கு முறை மாறியது. அம்மோனியாவோடு சேரும்போது வெளிவந்ததும் மாறியது. இரண்டையும் கூட்டினால் மட்டும் எப்போதும் ஒரே தொகை. 1840இல் அவர் இதை விதியாக வெளியிட்டார். மாற்றம் எந்த வழியில் நடந்தாலும், ஒரே படியிலோ பல படிகளிலோ நடந்தாலும், தொடக்கமும் முடிவும் ஒன்றாயின் மொத்த வெப்பம் ஒன்றே. ஆற்றல் அழியாது என்னும் பேருண்மையை மேயர் 1842இலும் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1847இலும் எழுதுவதற்கு முன்பே, அதன் ஒரு கிளையைத் தராசும் வெப்பமானியும் கொண்டு ஹெஸ் பிடித்துவிட்டார்.

இந்த விதியின் வலிமையை அறிய மகாலின் சுவருக்கே திரும்புவோம். சூளை வெப்பத்தை அளக்கலாம். நீற்றும் வெப்பத்தையும் அளக்கலாம். பள்ளி மாணவன்கூட, ஆசிரியர் அருகிருக்கக் கண்ணாடி அணிந்து செய்து பார்க்கலாம். அரை லிட்டர் தண்ணீரில் புதிதாய்ச் சுட்ட சுண்ணாம்பு 28 கிராம் போட்டால், வெப்பம் வெளியே கசியாத பாத்திரமாயின் நீர் ஏறத்தாழ 15 டிகிரி சூடேறும். நீரின் எடையை 4.18ஆலும் ஏறிய டிகிரியாலும் பெருக்கினால் வெப்பம் கிடைத்துவிடும். ஆனால் சுவர் காற்றை உண்டு கல்லாகும்போது வெளிவிடும் வெப்பத்தை எப்படி அளப்பது? அது ஆண்டுக்கணக்கில் நடப்பது. கை வைத்தால் சுவர் குளிர்ந்தே இருக்கும். எந்த ஆய்வுக்கூடப் பாத்திரத்தில் ஒரு குவிமாடத்தை வைத்துப் பத்தாண்டு காத்திருப்பது?

காத்திருக்கத் தேவையில்லை என்கிறது ஹெஸ் விதி. கல் சுற்றி வந்து கல்லாகிவிட்டது. தொடக்கமும் முடிவும் ஒன்றே என்றால் மொத்தக் கணக்கு பூச்சியமாக வேண்டும். உள்ளே போனது 3,184. நீற்றுக் குழியில் திரும்பியது 1,164. மிச்சம் 2,020 கிலோஜூல் சுவரிலிருந்து வந்தாக வேண்டும். வேதியியலார் வழங்கும் மோல் என்னும் அளவில் சொன்னால், சூளையில் 178.3 உள்ளே, குழியில் 65.2 வெளியே, சுவரில் 113.1 வெளியே. 25 டிகிரி வெம்மையில் வைத்துச் சொல்லப்படும் அளவுகள் இவை. ஒவ்வொரு பொருளும் தன் தனிமங்களிலிருந்து உருவாகும் வெப்பத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துத் தனியே கணக்கிட்டாலும் இதே எண்கள் வருகின்றன. கண்ணுக்குத் தெரியாமல், கைக்குத் தட்டுப்படாமல், குழியில் கொதித்ததைப்போல் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு வெப்பத்தை அந்தச் சுவர்கள் மதுரைக் காற்றில் சிந்தியிருக்கின்றன.

தீ உள்ளே ஒளிந்திருக்கிறது என்ற பழையவர்கள் முற்றிலும் பிழையா? பொருளளவில் பிழைதான், ஒன்றும் உள்ளே போகவில்லை, ஒன்று வெளியேறியது. கணக்களவில் பார்த்தால் அவர்கள் உள்ளுணர்வு வெகு தூரம் விலகிவிடவில்லை என்பது நம் கருத்து. சூளையில் செலவான வெப்பம் பொருளின் இருப்பில் பதிவாகி நிற்கிறது. பின்னர் இரு தவணைகளில் திரும்புகிறது. அப்படிப் பதிவாகி நிற்கும் இருப்புக்குத்தான், உள்ளே வெம்மையூட்டல் என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து, என்தால்பி என்று பெயர் வைத்தார் ஹாலந்து நாட்டு காமர்லிங் ஓனஸ். 1909இல் அது அச்சில் வந்தது. மொத்த இருப்பு எவ்வளவு என்று யாரும் சொல்வதில்லை. வரவும் செலவுமே அளக்கப்படுகின்றன. கடைக்காரரின் பெட்டியைத் திறக்காமலே பற்று வரவு ஏட்டைக் கொண்டு வியாபாரத்தை அறிவது போன்றது இது.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். பூச்சியமாவது சுண்ணாம்பின் கணக்கே. சூளைக்காரரின் விறகுக் கணக்கன்று. உலர்ந்த விறகு கிலோவிற்கு ஏறத்தாழ 16,000 கிலோஜூல் தரும். ஏட்டுக் கணக்குப்படி 200 கிராம் விறகு ஒரு கிலோச் சுண்ணாம்புக்குப் போதும். நாட்டுச் சூளையில் அதைப்போல் பல மடங்கு எரியும். சுவர் வழியும் புகை வழியும் வீணாவதே மிகுதி. சுண்ணாம்பிலிருந்து போன வாயுவைச் சுவர் திரும்பப் பெறுகிறது. விறகு எரிந்த வாயுவை அது பெறுவதில்லை.

தென்பாண்டிச் சீமையில் இந்தத் தொழில் தளர்ந்த காலத்தையும் ஓரளவு குறிக்கலாம். 1949இல் நெல்லைத் தாழையூத்தில் சிமெண்ட் ஆலை இயங்கத் தொடங்கியது. 1960களின் தொடக்கத்தில் விருதுநகரை அடுத்த துலுக்கப்பட்டி அருகே மற்றொன்று எழுந்தது. அருப்புக்கோட்டைப் பக்கம் பந்தல்குடியில் வெட்டும் சுண்ணாம்புக் கல் இன்று ஆலைக்குத்தான் போகிறது. சிமெண்டும் அதே கல்லைச் சுட்டே பிறக்கிறது; ஆனால் களிமண்ணோடு கலந்து 1,450 டிகிரி வரை சுட்டு. நீர் பட்டதும் சில மணிகளில் இறுகிவிடுகிறது. அவசரக் காலத்துக்கு ஏற்ற பொருள். அதைக் குறை சொல்வதற்கில்லை. பாலமும் அடுக்கு மாடியும் சுண்ணாம்பால் ஆவதில்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. நம் ஊர்களில் நூறு, இருநூறு ஆண்டுப் பழமையுடைய பள்ளிவாசல்களும் தர்காக்களும் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்துமாக நிற்கின்றன. திருப்பணிக்குப் பணம் சேர்ந்தவுடன் ஜமாஅத்தார் முதலில் செய்வது, பழைய பூச்சைக் கொத்தி எறிந்துவிட்டுச் சிமெண்ட் பூசுவது. பளிச்சென்றிருக்கும்; நான்கு மழைக்காலம் தாங்கும். பிறகு தரையிலிருந்து ஏறும் ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவருக்குள் தங்குகிறது. உப்புப் பூத்துச் செங்கல் பொடிகிறது. பூச்சு பாளம் பாளமாக உதிர்கிறது. சுண்ணாம்பு பூசிய சுவர் ஈரத்தை வெளியே விடும். காற்றை வாங்கிக் கல்லாகத் தக்க நுண்துளைகளை உடைய பொருளாதலால் ஈரத்துக்கும் வழி உண்டு. கட்டியவர்கள் இந்த வேதியியலைப் படித்தவர்கள் அல்லர். பொருளின் போக்கை அறிந்தவர்கள். இடிப்பவர்களிலோ வேதியியல் பட்டதாரிகளும் இருக்கிறார்கள்!

பழைய சுவரைத் தொடுவதற்கு முன் ஜமாஅத்தார் செய்துபார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. எந்தக் கல்லூரி ஆய்வுக்கூடத்திலும் பினால்ஃப்தலீன் என்னும் நிறமற்ற நீர்மம் சிறு புட்டியில் இருக்கும். சுவர்ச் சாந்தில் ஒரு துண்டைப் புதிதாக உடைத்து, உடைந்த முகத்தில் அதில் ஒரு சொட்டு விடவேண்டும். நிறம் மாறாவிட்டால் சாந்து முழுவதும் கல்லாகிவிட்டது. இளஞ்சிவப்பாக மாறினால் அவ்விடத்தில் இன்னும் நீறிய சுண்ணாம்பு இருக்கிறது; காற்று அங்கே எட்டவில்லை. முழம் இரண்டு முழம் தடித்த பழஞ்சுவர்களில் மேற்புறம் நிறம் மாறாமலும் உட்புறம் சிவந்தும் காட்டுவதுண்டு. பல நூற்றாண்டு கடந்த கட்டடங்களிலும் இவ்வாறு கண்டிருக்கிறார்கள். அத்தகைய சுவரில் 2,020 கிலோஜூல் தவணையில் ஒரு பகுதி இன்னும் வெளிவரவில்லை என்று பொருள்.